பனிக்கட்டிப் புயல் வருவதற்கு முன்: குளிர்நாட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வெப்ப நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள் பனிப்பொழிவுக்கு ஓரிரு குளிர்காலத்திலேயே பழகிவிடுகிறார்கள். பனிக்கட்டிப் புயல் அப்படிப்பட்டதல்ல. அது மழையாகத்தான் பெய்கிறது. உயரத்தில் சற்று வெதுவெதுப்பான காற்றடுக்கும் தரையை ஒட்டி உறைநிலைக்குக் கீழான காற்றும் இருக்கும்போது, மேலே உருகிய துளிகள் நீராகவே கீழே வந்து, தொட்ட இடத்தில் அப்படியே உறைந்துவிடுகின்றன. இந்த உறைமழை மின்கம்பி, மரக்கிளை, வாசற்படி, கார்க் கதவு என எதையும் விட்டுவைப்பதில்லை. ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் தடிமனுக்குப் பனிக்கட்டி படிந்தாலே கிளைகள் முறியத் தொடங்கும். அதைப்போல் இரு மடங்கு படிந்து காற்றும் சேர்ந்துவிட்டால் மின்கம்பங்கள் சாயும். 1998 ஜனவரியில் கிழக்குக் கனடாவில் அடித்த பனிக்கட்டிப் புயலுக்குப் பின், சில இடங்களில் ஒரு மாதத்துக்கும் மேலாக மின்சாரம் இல்லை.

அவ்வளவு மோசமான புயல் எப்போதும் வருவதில்லை. இருந்தாலும் ஒன்றை மனத்தில் கொள்ளுங்கள்: உறைமழை பெரும்பாலும் ஒரு நாளுக்குள் நின்றுவிடும், துன்பம் தருவது அதற்குப் பின்வரும் மின்சாரமற்ற, நடக்கவும் முடியாத நாட்கள்தாம். அந்த நாட்களில் உங்கள் வீட்டில் இருக்கும் பொருள்களையும், நடந்துபோகும் தொலைவில் இருக்கும் மனிதர்களையும் தவிர வேறு எதுவும் கைக்கு எட்டாது. எங்கள் முதல் குளிர்காலத்தில் இந்தத் தகவல்களை ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு துண்டாகக் கேட்டுத்தான் சேர்க்க வேண்டியிருந்தது. நீங்களும் அப்படி அலைய வேண்டாம் என்பதற்காக, செய்ய வேண்டியவற்றைச் செய்ய வேண்டிய வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

1. முன்னறிவிப்பில் எதைப் படிக்க வேண்டும்

புயல் வரக்கூடும் என்பது பெரும்பாலும் மூன்று நாட்களுக்கு முன்பே தெரிந்துவிடும். ஆனால் பெய்யப்போவது சாதாரண மழையா, உறைமழையா, பனியா என்பது ஓரிரு டிகிரி வேறுபாட்டில் மாறக்கூடியது என்பதால், கடைசி நாள்வரை முன்னறிவிப்பு மாறிக்கொண்டே இருக்கும். "நேற்று ஒன்று சொன்னார்கள், இன்று வேறொன்று சொல்கிறார்கள்" என்று அதை ஒதுக்கிவிடாதீர்கள்.

பல நாடுகளில் வானிலைத் துறை இரண்டு நிலைகளில் அறிவிப்புத் தருகிறது. முதல் நிலை, புயலுக்கான சூழ்நிலை உருவாகியிருக்கிறது என்று சொல்வது. இரண்டாம் நிலை, புயல் உறுதி அல்லது தொடங்கிவிட்டது என்று சொல்வது. முதல் நிலை அறிவிப்பு வந்தவுடன் வேலையைத் தொடங்குங்கள். இரண்டாம் நிலைக்காகக் காத்திருப்பவர்கள்தாம் வெறுமையான கடை அலமாரிகளுக்கு முன்னால் நிற்கிறார்கள்.

கைப்பேசிச் செயலியில் தெரியும் மழைத்துளிப் படத்தை நம்பி இருந்துவிடாதீர்கள். அது சாதாரண மழைக்கும் உறைமழைக்கும் ஒரே படத்தைக் காட்டக்கூடும். வானிலைத் துறை எழுத்தில் வெளியிடும் அறிக்கையைத் தேடிப் படித்து, எத்தனை மில்லிமீட்டர் பனிக்கட்டி சேரும், காற்றின் வேகம் என்ன, புயல் கடந்தபின் வரும் நாட்களில் குளிர் எப்படி இருக்கும் என்ற மூன்று தகவல்களையும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவதைப் பலரும் பார்ப்பதே இல்லை. புயலுக்குப் பின் வெயில் வந்து உறைநிலைக்கு மேலே போனால் ஒரே நாளில் பெரும்பகுதி உருகிவிடும். கடுங்குளிர் தொடர்ந்தாலோ கிளைகளிலும் கம்பிகளிலும் படிந்த பாரம் அப்படியே இருக்கும்; வீடும் வேகமாகக் குளிரும்.

2. தங்குவதா, வெளியேறுவதா

இந்த முடிவை உறைமழை தொடங்குவதற்கு அரை நாளாவது முன்பே எடுத்துவிட வேண்டும். சாலையில் பனிக்கட்டி படிந்தபின் கார் ஓட்டுவது, எவ்வளவு நல்ல டயர் போட்டிருந்தாலும், உயிரோடு விளையாடுவதுதான். ஆம்புலன்ஸே மெதுவாகத்தான் வர முடியும்.

மின்சாரத்தில் இயங்கும் ஆக்சிஜன் கருவியை நம்பியிருப்பவர், கைக்குழந்தை, மிகவும் வயதானவர் ஆகியோரில் யாராவது வீட்டில் இருந்து, மின்சாரம் இல்லாமல் வீட்டைச் சூடாக்க வேறு வழியும் இல்லையென்றால், நீங்கள் வெளியேறுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. புயல் தொடாத ஊரில் இருக்கும் உறவினர் வீடு முதல் தெரிவாக இருக்கட்டும். அது இயலாவிட்டால், விறகு அடுப்பு உள்ள நண்பர் வீடு அல்லது உள்ளாட்சி நிர்வாகம் திறக்கும் பொதுத் தங்குமிடம். டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் தங்கள் மையத்தைத் தொலைபேசியில் அழைத்து, அடுத்த முறையை முன்கூட்டியே செய்ய முடியுமா என்று கேளுங்கள். இது அவர்களுக்குப் பழக்கமான கோரிக்கைதான்; கேட்கத் தயங்க வேண்டாம்.

புதியவர்கள் பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. "எங்கள் வீட்டில் கேஸ் ஹீட்டிங்தானே, மின்சாரம் போனால் என்ன" என்று நினைக்கிறார்கள். எரிபொருள் கேஸாக இருந்தாலும், சூடான காற்றை அறைகளுக்குத் தள்ளும் விசிறியும் கட்டுப்பாட்டுக் கருவியும் மின்சாரத்தில்தான் ஓடுகின்றன. மின்சாரம் நின்றால் அந்த ஹீட்டிங்கும் நின்றுவிடும். அடுக்குமாடிக் குடியிருப்பில் லிஃப்டும், சில கட்டடங்களில் மேல் தளங்களுக்கு நீர் ஏற்றும் மோட்டாரும் சேர்ந்தே நிற்கும்.

3. அண்டை வீட்டாரோடு முன்கூட்டியே பேசுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க முடியும் என்றால் இதைப் படியுங்கள். புதிதாக வந்தவர்கள், அறிமுகமில்லாத வீட்டின் கதவைத் தட்டுவதற்கும், புது மொழியில் பேசுவதற்கும், உதவி கேட்கிறோமோ என்ற எண்ணத்துக்கும் தயங்குகிறார்கள். பனிக்கட்டிப் புயல் வருகிறது என்ற செய்தி அந்தத் தயக்கத்தை விடுவதற்கு ஏற்ற சமயம். எல்லா வீட்டிலும் அதைப் பற்றிய பேச்சுதான் நடந்துகொண்டிருக்கும். புயலுக்கு இரண்டு நாட்களுக்கு முன், மாலை நேரத்தில், இரு பக்கமும் எதிர்ப்பக்கமும் உள்ள வீடுகளுக்குச் சென்று உங்கள் பெயரையும் எந்த வீட்டில் இருக்கிறீர்கள் என்பதையும் சொல்லிப் பேச்சைத் தொடங்குங்கள்.

"உங்களுக்கு ஏதாவது உதவி வேண்டுமா?" என்று கேட்டால், குறிப்பாக வயதானவர்கள், "ஒன்றும் வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றே சொல்வார்கள். அதற்குப் பதிலாக, "இரவில் மின்சாரம் போய்விட்டால் வீட்டை எதை வைத்துச் சூடாக்குவீர்கள்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் விடையிலிருந்து தெருவின் நிலைமை முழுவதும் புரிந்துவிடும். யார் வீட்டில் விறகு அடுப்பு இருக்கிறது, யாரிடம் ஜெனரேட்டர் இருக்கிறது, யார் தனியாக வாழ்கிறார், யாருக்கு மருந்தோ கருவியோ தேவைப்படுகிறது, யாரால் பனியை வெட்டி ஒதுக்க முடியும் என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். தாள்தான் வேண்டும், கைப்பேசியில் மட்டும் சேமித்த எண்கள் பேட்டரி தீர்ந்தவுடன் பயனற்றுப் போகும். அந்தத் தாளின் படியை ஒவ்வொரு வீட்டிலும் கொடுத்துவிடுங்கள்.

அடுத்ததாக, எல்லோரும் கூடும் வீடு எது என்பதை முடிவு செய்யுங்கள். மின்சாரம் இல்லாமலே சூடாகக்கூடிய, முறையாகப் புகைபோக்கி பொருத்திய அடுப்புள்ள வீடே அதற்கு ஏற்றது. அந்த வீட்டுக்காரரோடு எல்லாவற்றையும் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள்: எத்தனை பேர் படுக்க இடம் உண்டு, ஒவ்வொரு குடும்பமும் போர்வை, உணவு, குடிநீர் என எவற்றைக் கொண்டுவர வேண்டும், விறகுக்கும் எரிபொருளுக்குமான செலவை எப்படிப் பங்கிடுவது, செல்லப்பிராணிகளை என்ன செய்வது, குழந்தைகள் எங்கே உறங்குவார்கள். பணப் பேச்சை "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிவைப்பதால்தான் புயல் போனபின் மனக்கசப்பு வருகிறது. இரண்டு நிமிடத்தில் பேசி முடித்துவிடக்கூடிய விஷயம் இது.

தங்கள் வீட்டிலேயே இருக்கப்போகிறவர்கள், காலையில் ஒரு நேரமும் மாலையில் ஒரு நேரமும் குறித்து ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்ள ஒப்புக்கொள்ளுங்கள். தொலைபேசி வேலை செய்யாவிட்டால், தெருவைப் பார்த்த சன்னலில் நிறத்துணி ஒன்றைத் தொங்கவிடுவது போன்ற ஓர் அடையாளத்தையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். தனியாக இருப்பவரின் சம்மதத்தோடு மாற்றுச் சாவி ஒன்றைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைப்பது மிகவும் நல்லது.

ஊரிலிருந்து வந்து உங்களோடு தங்கியிருக்கும் பெற்றோரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவர்களுக்கு இந்தக் குளிரின் அளவு தெரியாது. பிள்ளைகளுக்குத் தொல்லை கொடுக்கக் கூடாது என்று குளிர்வதையும் சொல்லமாட்டார்கள். வழுக்காத காலணி, கம்பளித் தொப்பி, கையுறை, உள்ளே அணியும் வெப்ப ஆடை ஆகியவை அவர்களிடம் இருக்கின்றனவா என்று நீங்களே எடுத்துப் பாருங்கள். வாசலில் படிந்திருப்பது வெறும் ஈரம்போல் தோன்றினாலும் அதில் கால் வைக்கக் கூடாது என்று முன்னதாகவே சொல்லிவையுங்கள்.

4. ஆவணங்களை ஒரே உறையில் சேருங்கள்

நீர் புகாத பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்து, கடவுச்சீட்டு, குடியேற்ற ஆவணங்கள், வாடகை ஒப்பந்தம் அல்லது வீட்டுப் பத்திரத்தின் நகல், காப்பீட்டுப் பத்திரம், மின் கட்டண ரசீது ஒன்று, ஒவ்வொருவரும் உட்கொள்ளும் மருந்துகளின் பெயரும் அளவும் எழுதிய தாள் ஆகியவற்றை அதில் வையுங்கள். பெற்றோர் பயணக் காப்பீட்டில் வந்திருந்தால் அந்தப் பத்திரமும், மருத்துவமனைக்குப் போகும் முன் அழைக்க வேண்டிய எண்ணும் கட்டாயம் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் படம் எடுத்து, இணையம் இல்லாமலே திறக்கும்படி கைப்பேசியிலும் சேமியுங்கள்.

மின் கட்டண ரசீது எதற்கு என்று தோன்றலாம். மின்தடையைப் புகார் செய்யும்போது கேட்கப்படும் வாடிக்கையாளர் எண்ணும், அழைக்க வேண்டிய தொலைபேசி எண்ணும் அதில்தான் இருக்கின்றன. வாடகை வீட்டில் இருப்பவர்கள், ஹீட்டிங் நின்றாலோ குழாய் வெடித்தாலோ யாரை அழைப்பது என்பதை ஒப்பந்தத்தில் பார்த்து, அந்த அவசர எண்ணைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

வீட்டில் மருத்துவக் கருவி இருந்தால், அதை மின் நிறுவனத்தில் பதிவு செய்யும் வசதி பல இடங்களில் உண்டு. அதற்கு மருத்துவரின் கையொப்பமிட்ட படிவம் தேவைப்படும் என்பதால் குளிர்காலத் தொடக்கத்திலேயே செய்துவிட வேண்டும். புயல் அறிவித்தபின் விண்ணப்பித்தால் உரிய நேரத்தில் முடியாது. பதிவு செய்துவிட்டதால் உங்கள் வீட்டுக்கு முதலில் மின்சாரம் வந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். நீண்ட தடை இருந்தால் முன்கூட்டியே தகவல் தருவதற்குத்தான் அது பெரும்பாலும் உதவுகிறது. மாற்று ஏற்பாடு உங்கள் பொறுப்பே.

காப்பீட்டைப் பொறுத்தவரை மூன்று விஷயங்களைப் பாருங்கள். வீட்டு உரிமையாளர் எடுத்த காப்பீடு கட்டடத்துக்குத்தான்; வாடகைக்கு இருப்பவரின் பொருள்களுக்கு அவரே தனியாக எடுக்க வேண்டும். ஒவ்வொரு இழப்பிலும் முதலில் நீங்கள் ஏற்க வேண்டிய தொகை என்று ஒன்று இருக்கும். இழப்பு அதற்குக் குறைவாக இருந்தால் ஒன்றும் கிடைக்காது. குழாய் உறைந்து வெடித்த இழப்பில், வீட்டைச் சூடாக வைத்திருக்கவோ குழாயிலிருந்து நீரை வடிக்கவோ நீங்கள் முயன்றீர்களா என்று கேட்பார்கள். புயலுக்கு முன்பே ஒவ்வோர் அறையையும் இருக்கும் நிலையிலேயே கைப்பேசியில் காணொளியாக எடுத்து வைத்தால், பிற்பாடு வாக்குவாதம் குறையும்.

5. வாங்குவதும் செலவும்

செலவில்லாதவற்றை முதலில் முடியுங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் வீதம் குறைந்தது மூன்று நாட்களுக்கான தண்ணீரை, கையிலுள்ள சுத்தமான பாத்திரங்களில் பிடித்து வைப்பதற்குக் காசு தேவையில்லை. கழிவறைக்குக் குளியல் தொட்டியிலோ வாளிகளிலோ தனியாக நிரப்புங்கள்.

பிறகு சிறு செலவுகள்: டார்ச் லைட், அதற்கான பேட்டரி, பேட்டரியில் ஓடும் ரேடியோ, பவர் பேங்க், சமைக்காமல் உண்ணக்கூடிய உணவு, கையால் திறக்கும் டின் திறப்பான், குழந்தைக்கான பால்மாவும் டயப்பரும். எரிபொருள் எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவைக் கண்டு எச்சரிக்கும் அலாரம் வீட்டில் இல்லையென்றால், வேறு எதைக் குறைத்தாவது அதை வாங்கிவிடுங்கள். மருந்துக் கடையில், நடந்துகொண்டிருக்கும் மருந்துகளைச் சில நாட்கள் முன்னதாகவே தர முடியுமா என்று கேளுங்கள். மின்சாரம் இல்லாதபோது அட்டை இயந்திரங்கள் வேலை செய்யாது என்பதால், சிறு நோட்டுகளாகக் கொஞ்சம் ரொக்கம் எடுத்து வையுங்கள்.

பனிக்கட்டியை உருக்கும் உப்பில் கவனம் வேண்டும். சாதாரணக் கல் உப்பு சுமார் மைனஸ் 9 டிகிரிக்குக் கீழே சரியாக வேலை செய்யாது. அதைவிடக் குளிருக்குக் கால்சியம் குளோரைடு வாங்க வேண்டும். இரண்டும் கிடைக்காவிட்டால் மணல் போதும். உருக்காவிட்டாலும் கால் வழுக்காமல் பிடிக்கும்.

ஜெனரேட்டர்தான் பெரிய செலவு. அதைப் பாதுகாப்பாக வைக்க வெளியே இடமும், எரிபொருளும், தகுந்த கேபிளும், அலாரமும் இல்லாதவர்கள் அவசரத்தில் ஒன்றை வாங்க வேண்டாம். அண்டை வீட்டிலுள்ள ஒரு ஜெனரேட்டருக்கு எரிபொருள் செலவில் பங்கு கொடுத்து, கைப்பேசிகளைச் சார்ஜ் செய்துகொள்வதும் மருந்துக்கான ஃப்ரிட்ஜை ஓட்டுவதும் பெரும்பாலான குடும்பங்களுக்குப் போதுமானது.

6. புயலுக்கு முந்தைய நாள்

எல்லாக் கருவிகளையும் சார்ஜ் செய்யுங்கள். துணி துவைப்பது, சமைப்பது, குளிப்பது ஆகியவற்றை முடித்துவிடுங்கள். ஃப்ரிட்ஜையும் ஃப்ரீசரையும் மிகக் குளிர்ந்த நிலைக்கு மாற்றி, ஃப்ரீசரில் காலியாக உள்ள இடங்களில், முக்கால் பங்கு நீர் நிரப்பிய பாட்டில்களை வையுங்கள். வீட்டின் வெப்பத்தைச் சில டிகிரி கூட்டிவைத்தால் மின்சாரம் போனபின் வீடு குளிரச் சற்றுக் கூடுதல் நேரம் எடுக்கும்.

தண்ணீர் மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்பதை வீட்டிலுள்ள பெரியவர்கள் அனைவரும் நேரில் போய்ப் பார்த்து, ஒரு முறை மூடித் திறந்து பழகிக்கொள்ளுங்கள். குழாய் வெடித்தபின் இருட்டில் அதைத் தேடுவது மிகவும் கடினம். வெளிச்சுவரை ஒட்டிய குழாய்களில் நீரைச் சொட்டுச் சொட்டாக ஓடவிட்டு, பாத்திரம் கழுவும் தொட்டியின் கீழுள்ள அலமாரிக் கதவுகளைத் திறந்து வையுங்கள். அறையின் சூடு குழாய்க்குப் போய்ச் சேரும்.

காரின் டேங்கை நிரப்பி, மரத்துக்கும் மின்கம்பிக்கும் அடியில் இல்லாதபடி, முன்பக்கம் தெருவை நோக்கி நிறுத்துங்கள். கராஜ் கதவை மின்சாரமின்றிக் கையால் திறக்கும் பிடியைக் கண்டுபிடித்து இழுத்துப் பாருங்கள். மண்வாரி, உப்பு, பனி சுரண்டி ஆகியவற்றைக் கொட்டகையில் வைக்காமல் வீட்டுக்குள் கொண்டுவாருங்கள்; கொட்டகைக் கதவே உறைந்துவிடும். மழை தொடங்குவதற்குச் சற்று முன் வாசற்படியிலும் நடைபாதையிலும் உப்பைத் தூவிவிடுங்கள்.

7. உறைமழை பெய்யும் நேரம்

வெளியே போகாதீர்கள். பெரிய மரத்துக்கு நேர்கீழே இருக்கும் அறையில் இரவில் யாரும் படுக்க வேண்டாம். கிளைகள் முறியும் ஓசை வெடிபோல் கேட்கும். குழந்தைகளிடம் அதை முன்பே சொல்லிவைத்தால் அஞ்சமாட்டார்கள்.

8. மின்சாரம் போனபின்

நேரத்தைத் தாளில் குறித்துக்கொண்டு, மின் நிறுவனத்துக்கு நீங்களே புகார் கொடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருப்பார் என்று எல்லோரும் இருந்துவிட்டால் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். மின் அடுப்பு, ஹீட்டர், கணினி ஆகியவற்றை அணைத்துவிட்டு, மின்சாரம் திரும்பியது தெரிவதற்காக ஒரே ஒரு விளக்கை மட்டும் போட்ட நிலையில் விடுங்கள். அழைப்பு போகாத நேரத்திலும் குறுஞ்செய்தி போகக்கூடும்.

குடும்பம் முழுவதும் ஒரே அறைக்கு மாறுங்கள். சிறிய, சன்னல் குறைந்த, கூடுமானால் வெயில் விழும் அறை நல்லது. கதவின் அடியில் துண்டைச் செருகி, சன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, மெத்தைகளைத் தரையில் நெருக்கமாகப் போடுங்கள். தடித்த ஒற்றை ஆடையைவிட, மெல்லிய ஆடைகள் பலவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அணிவது சூட்டைக் காக்கும். கைக்குழந்தையைப் பெரியவர்களின் கனத்த போர்வைக்குள் படுக்கவைக்காதீர்கள். அதே அறையில், தன் படுக்கையில், போதுமான ஆடையோடு உறங்கட்டும். வெளிச்சத்துக்கு டார்ச் லைட்டே போதும். இருட்டில், போர்வைகளுக்கு நடுவே, குழந்தைகளும் இருக்கும் அறையில் மெழுகுவத்தி ஆபத்தானது.

இனி எழுதுவதை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள். பனிக்கட்டிப் புயலில் குளிருக்குத் தப்பியவர்களையும் கொல்வது கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கரி அடுப்பு, முகாம்களில் பயன்படுத்தும் கேஸ் அடுப்பு, ஜெனரேட்டர், ஓடும் கார் என எரிபொருளை எரிக்கும் எதிலிருந்தும் அது வரும். கரி அடுப்பை எந்த நிலையிலும் வீட்டுக்குள் மூட்டாதீர்கள். சன்னலைத் திறந்து வைத்தாலும் அது பாதுகாப்பாகாது. சமையலறை கேஸ் அடுப்பை அறையைச் சூடாக்கப் பயன்படுத்தாதீர்கள். ஜெனரேட்டர் வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகை எந்த வீட்டின் கதவையும் சன்னலையும் நோக்காதபடி இருக்க வேண்டும். கராஜ் கதவு திறந்துதானே இருக்கிறது என்று அதற்குள் வைத்தவர்கள் இறந்திருக்கிறார்கள். கைப்பேசியைக் காரில் சார்ஜ் செய்வதானால், காரை முழுவதுமாக வெளியே எடுத்து, புகைக்குழாயை அடைத்திருக்கும் பனியை நீக்கியபின் இன்ஜினைப் போடுங்கள்.

வீட்டில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரே நேரத்தில் தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் வந்தால் அதைக் காய்ச்சல் என்று நினைத்துப் படுத்துவிடாதீர்கள். எல்லோரையும் உடனே வெளிக்காற்றுக்கு அழைத்துச் சென்று அவசர உதவியை அழையுங்கள்.

ஜெனரேட்டரை வீட்டுச் சுவரிலுள்ள பிளக்கில் செருகி வீடு முழுவதற்கும் மின்சாரம் கொடுக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் மறுத்துவிடுங்கள். அந்த மின்சாரம் தெருக்கம்பிக்குள் திரும்பிப் பாய்ந்து, குளிரில் உங்களுக்காகக் கம்பத்தில் வேலை செய்யும் மின் ஊழியரைக் கொன்றுவிடும்.

உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போவது உயிருக்கு ஆபத்து. பேச்சு குழறுவது, குழப்பமாகப் பேசுவது, சோர்ந்து தூங்கித் தூங்கி விழுவது ஆகியவை அதன் அறிகுறிகள். முதியவர்கள் நடுங்கவில்லை என்பதால் அவர்களுக்குக் குளிரவில்லை என்று முடிவு செய்யாதீர்கள். கூடும் வீட்டுக்குப் போவதற்கு இந்த அறிகுறிகள் தெரியும்வரை காத்திருக்கவும் வேண்டாம். வீடு தொடர்ந்து குளிர்கிறது, இரவுக்குள் மின்சாரம் வரும் என்ற தகவலும் இல்லை என்றால், பகல் வெளிச்சம் இருக்கும்போதே எல்லோரும் சேர்ந்து நடந்து போய்விடுங்கள். போகும் முன் மெயின் வால்வை மூடி, குழாய்களைத் திறந்து நீரை வடித்துவிடுங்கள்.

9. உணவும் மருந்தும்

மூடியே வைத்திருக்கும் ஃப்ரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் குளிர்ச்சியைக் காக்கும். நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் தாங்கும். எனவே கெட்டுப்போகக்கூடியதை முதலில் உண்டு, டின் உணவைக் கடைசிக்கு வையுங்கள். "வெளியேதான் குளிராக இருக்கிறதே" என்று இறைச்சியையும் பாலையும் வாசலில் வைப்பது நல்லதல்ல. பகல் வெயிலில் அவை சூடேறும், விலங்குகளும் வரும். தண்ணீர்ப் பாட்டில்களை வெளியே வைத்து உறையச் செய்து, அவற்றை ஃப்ரிட்ஜுக்குள் கொண்டுவந்து அடுக்குங்கள்.

இன்சுலின் உறைந்துபோனால் பயன்படாது. அதைச் சன்னலோரத்திலோ காரிலோ வைக்காமல், மக்கள் இருக்கும் அறையிலேயே துணியில் சுற்றி வையுங்கள்.

10. வெளியே கால் வைக்கும்போது

அறுந்து விழுந்த கம்பி எதுவாக இருந்தாலும் அதில் மின்சாரம் பாய்கிறது என்றே கொள்ளுங்கள். குறைந்தது 10 மீட்டர் தள்ளி நில்லுங்கள்; அது தொட்டுக்கொண்டிருக்கும் வேலியையும் மரத்தையும் தொடாதீர்கள். நீங்கள் இருக்கும் கார்மேல் கம்பி விழுந்தால் உள்ளேயே இருந்து உதவிக்கு அழையுங்கள். பனிக்கட்டி படிந்த கிளைகளைத் தட்டி உதறவும் வேண்டாம். பாரத்தில் வளைந்த கிளை எந்தப் பக்கம் முறியும் என்று சொல்ல முடியாது.

நடக்கும்போது கைகளைப் பையிலிருந்து வெளியே எடுத்து, பாதத்தை முழுவதுமாகப் பதித்துச் சிறு சிறு அடியாக வையுங்கள். கட்டிப் பனியை வெட்டுவது இதயத்துக்குக் கடும் உழைப்பு என்பதால், இதய நோய் உள்ளவர்களின் வாசலை இளைஞர்கள் பங்கிட்டுச் சுத்தம் செய்துவிடுங்கள்.

11. மின்சாரம் திரும்பும்போதும் அதற்குப் பின்னும்

தெரு முழுவதும் விளக்கு எரிந்து உங்கள் வீடு மட்டும் இருட்டாக இருந்தால், தெருக்கம்பி உங்கள் வீட்டோடு சேரும் இடத்தைத் தூரத்திலிருந்து பாருங்கள். பல இடங்களில், அந்தக் கம்பி வந்து சேரும், சுவரில் பொருத்திய குழாயும் மீட்டர் பெட்டியும் வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. அது பிய்ந்திருந்தால், உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் சரிசெய்தபின்தான் மின் நிறுவனம் இணைப்புக் கொடுக்கும். இது தெரியாமல் மின் நிறுவனத்துக்காகவே காத்திருந்து நாட்களை இழப்பவர்கள் உண்டு. புயலுக்குப் பின் எலக்ட்ரீஷியன்கள் கிடைப்பது அரிது. சேதத்தைக் கண்ட அன்றே அழையுங்கள்.

மின்சாரம் வந்தவுடன் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போடாமல், முதலில் ஹீட்டிங், பிறகு ஃப்ரிட்ஜ், பிறகு மற்றவை என்று ஒவ்வொன்றாகப் போடுங்கள். மூடிய மெயின் வால்வை மெதுவாகத் திறந்து, ஓர் ஆள் ஒவ்வோர் அறையிலும் கசிவைத் தேடட்டும். உறைந்த குழாயை ஹேர் டிரையரால் இளக்கலாம். நெருப்பைக் காட்டவே கூடாது.

எதையும் ஒதுக்குவதற்கு முன் சேதங்களைப் படம் எடுங்கள். மேலும் சேதம் ஆகாமல் தடுக்கும் தற்காலிகப் பழுதுபார்ப்பை உடனே செய்யலாம், ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். கெட்டுப்போன உணவைப் பட்டியலிட்டுப் படம் எடுத்தபின் எறியுங்கள். மற்ற பொருள்களைக் காப்பீட்டு நிறுவனம் சரி என்று சொல்லும்வரை வீசிவிடாதீர்கள். அழைத்த நாள், பேசியவரின் பெயர், கோரிக்கை எண் மூன்றையும் ஒவ்வொரு முறையும் எழுதுங்கள். மரம் வெட்டவும் கூரை சரிசெய்யவும் வீடு தேடி வருபவர்களில், முழுப் பணத்தையும் முன்பணமாகக் கேட்பவரையும், எழுத்தில் மதிப்பீடு தர மறுப்பவரையும் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

கூடியிருந்த வீட்டிலிருந்து புறப்படும் முன் விறகு, எரிபொருள் கணக்கைத் தீர்த்து, இடத்தைச் சுத்தம் செய்து கொடுங்கள். ஒரே தெருவிலும் எல்லா வீடுகளுக்கும் ஒரே நேரத்தில் மின்சாரம் வராது. ஆகவே தாளிலுள்ள எண்களை ஒருமுறை அழைத்து, இன்னும் மின்சாரம் வராத வீட்டில் இருப்பவர்களுக்கு அன்றிரவு தங்க இடம் உறுதியானபின் உங்கள் வீட்டுக்குப் போங்கள்.